ஸ்ப்ளெண்டரில் மரை போன கதை: நாலரை வருட அனுபவம்

போன மாதம் சைலன்சர் மாற்றினேன். பழையது அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. சென்னை காசிமேட்டில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வண்டி நிறுத்துகிறவனுக்கு இது புதிதில்லை. கழற்றும்போது என் கண் முழுக்க இன்ஜின் ஹெட்டில் இருந்த ஒரே ஒரு ஸ்டட் (இரண்டு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) மேல்தான். அது உட்காரும் துளையில் மரை போய்விட்டதால், 2021 தை மாதம் அங்கே ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டேன். அதற்குப் பிறகு வண்டி 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நட் சுற்றி வெளியே வந்தது, ஸ்டட் இம்மியும் அசையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். 'காயில் எல்லாம் தற்காலிகம்தான்பா' என்று அன்றைக்கு என்னிடம் சொல்லாத ஆளே இல்லை.

வண்டி பழைய 100 சிசி ஸ்ப்ளெண்டர். தினமும் மணலிக்குப் போய் வருகிறேன், வழியெல்லாம் கன்டெய்னர் லாரி, பள்ளம், தூசி. 2020 கடைசியில் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் செயின்) சலசலக்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் விட்டு செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் புதிதாக மாற்றினேன். சத்தம் நின்றது. ஆனால் வேறு மூன்று வியாதிகளோடு வண்டி திரும்பி வந்தது: ஐடில் நிற்கவில்லை, ஐம்பதைத் தாண்டினால் மூச்சு வாங்கியது, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடித்தது. பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஷேர் ஆட்டோ எல்லாம் என்னை ஓவர்டேக் செய்தது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினார்கள். அது பாவம், எந்தத் தப்பும் செய்யவில்லை.

நான் செய்த தவறு, மூன்றையும் ஒரே வியாதி என்று நினைத்தது. உண்மையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

வெடிச் சத்தத்தில் இருந்து தொடங்குகிறேன். சைலன்சரின் முன்பக்க வளைந்த குழாயான பெண்டு பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் இரண்டு 6 எம்எம் ஸ்டட். அதில் ஒன்றின் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு வரவில்லை, சும்மா சுற்றியது. இழுத்தேன், ஸ்டட் கையோடு வந்துவிட்டது. அதன் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. உப்புக் காற்றில் நட்டும் ஸ்டட்டும் துருவேறி ஒன்றாகிவிடும். பானா போட்டுத் திருப்பினால் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழலும். ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்டு சரியாக உட்காராததால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், ஆக்ஸிலேட்டரை விடும்போது எரியாமல் மிஞ்சிய பெட்ரோலைச் சைலன்சருக்குள் எரியவைத்தது. வெடிச் சத்தம் அதுதான்.

இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியங்கள் பல. 8 எம்எம் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் பெரிய ஸ்டட் வைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ஹெட்டின் சுவர் மெல்லியது, பெண்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். பேஸ்ட் போட்டு ஒட்டலாம் என்றார் ஒருவர். சைலன்சர் வாயின் சூட்டில் பேஸ்ட்! ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போடலாம். அதற்கு ஹெட்டை இறக்க வேண்டும், வெல்டிங் சூட்டில் ஹெட்டின் முகம் கோணிக்கொள்ளும் பயமும் உண்டு. கடைசியில் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் எம்6 ஹெலிகாயில் கிட் வாங்கினேன்.

ஹெலிகாயில் என்பது ஸ்டெயின்லெஸ் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுற்றிய புது மரை. போன மரையை 6.3 எம்எம் ட்ரில் பிட்டால் துடைத்துவிட்டு, கிட்டில் வரும் தனி டேப்பைப் போட்டு, அதற்குள் இந்தச் சுருளைத் திருகி இறக்க வேண்டும். உள்ளே போனதும் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். பழைய அதே 6 எம்எம் ஸ்டட் அதில் உட்காரும். மற்றதெல்லாம் எளிது, பிட்டை நேராகப் பிடிப்பதுதான் கஷ்டம். ஃப்ரேம் குறுக்கே நிற்கும், ட்ரில் சாயும். நானே செய்யாமல், கொருக்குப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டட்டைப் பார்த்ததும், "இன்னா தம்பி, பலத்த காட்ட வேற எடம் கெடைக்கலியா?" என்றார். மரை கழண்டவன் என்று நேரடியாகத் திட்டவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

அவர் கையில் மூன்று விஷயம் கவனித்தேன். பிட்டின் நுனியில் கிரீஸ் தடவினார், தூள் புகை வெளியேறும் போர்ட்டுக்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ள. டேப்புக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று நகர்த்தினார். சுருளைத் துளையின் முகத்துக்கு அரை மரை கீழே இறக்கி நிறுத்தினார். சுருளின் அடியில் திருகுவதற்கென்று ஒரு சின்ன வால் இருக்கும். அதை உடைத்து எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ஸ்டட் அதில் முட்டி நின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் என்பதால் அதை எடுக்கக் காந்தத்தை நம்ப முடியாது, ட்வீசர் வேண்டும். ஸ்டட்டை அடிவரை விட்டு முறுக்கிப் பூட்டாமல் கையாலேயே இறக்கினார். மேலே பித்தளை நட், கொஞ்சம் காப்பர் கிரீஸ். 6 எம்எம் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் டைட். நீளமான டி ஸ்பானரை முழுக் கையால் பிடித்தால் அதைத் தாண்டுவது தெரியவே தெரியாது.

வெடிச் சத்தம் அன்றே நின்றது. ஆனால் இழுவை அப்படியே மோசம். அப்போதுதான், செயின் மாற்றியபோது வைத்த டைமிங் மேல் சந்தேகம் வந்தது.

இதை வீட்டு வாசலில் நானே பிரித்தேன். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் மேக்னட்டை இடமிருந்து பார்க்க இடஞ்சுழியாகக் கையால் திருப்பி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைக் கவரின் வெட்டுக்கு நேராக நிறுத்தினேன். அப்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக வந்திருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றது. ஒரு பல்தானே என்று தோன்றும். 28 பல் உள்ள ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் கேமில் ஏறக்குறைய 13 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால் கிராங்கில் அது 26 டிகிரி. வால்வு திறப்பதும் மூடுவதும் அவ்வளவு தப்பினால் வண்டி எப்படி இழுக்கும்?

எப்படித் தள்ளிப் போனது என்பது என் ஊகம். மேக்னட்டில் 'டி' பக்கத்திலேயே 'எஃப்' என்றும் ஒரு குறி உண்டு. அது ஐடிலில் ஸ்பார்க் அடிக்கும் இடம், 'டி'க்கு முன்னாலேயே வரும். அவசரத்தில் 'எஃப்' வைத்து நிறுத்தினால் கேம் குறி எந்தப் பல்லிலும் சரியாக உட்காராது, இரண்டு பல்லுக்கு நடுவில் நிற்கும். ஏதோ ஒரு பக்கம் தள்ளிப் பூட்டத்தான் தோன்றும். குறி நேராக வராமல் 'கிட்டத்தட்ட' வந்தால் அது தப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் குழம்பும் இன்னொரு இடம், இது கம்ப்ரஷன் சுற்றா (இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்று) இல்லையா என்பது. கேமைக் கழற்றிவிட்டால் கிராங்குக்கு எந்த ஸ்ட்ரோக் என்றே தெரியாது. 'டி' வைத்து, கேம் குறியையும் நேராக வைத்துப் பூட்டினால் அதுவே சரியான இடம். டாப்பெட் (வால்வு இடைவெளி) வைக்கும்போதுதான் சுற்று முக்கியம். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் கையில் லூசாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தியதும் செயினை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், அது உள்ளே விழுந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஒரு பல் நகர்த்தி, டென்ஷனரை விட்டு, கையாலேயே இரண்டு சுற்று திருப்பி மறுபடி இரண்டு குறியையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கிக்கரில் கால் வைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது.

இதற்குப் பிறகு மரை போனது முழுக்க என் குற்றம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை ஆயில் மாற்றினேன். மூன்றாவது முறை வாஷர் மாற்றச் சோம்பல்பட்டு, கசிவை நிறுத்த, ஆயில் வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். மரை போச்சு. அங்கே பெரியவர் காயில் போடவில்லை. அடிக்கடி கழற்றும் இடம் என்பதால் லேத்தில் காலர் வைத்த புஷ் (உள்ளே மரை உள்ள சின்னக் குழாய்) ஒன்று கடைந்து இறக்கினார். இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு முறையும் புது வாஷர்.

சைலன்சர் பக்கம் இரண்டாவது ஸ்டட் இன்னும் கம்பெனி மரையில்தான் நிற்கிறது. போன மாதம் நட்டைத் தளர்த்தும்போது லேசாகக் கீச்சென்றது. கிட்டில் காயில் மிச்சம் இருக்கிறது.