லாய்ஷ்டுர்ம் 1917 ஏ5 நோட்டு: புல்லட் ஜர்னலுக்கு வாங்கலாமா?

ஜனவரியில் கடைக்காரர் தரும் இலவச டைரியில் ராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு, நாளுக்கு ஒரு பக்கமும் உண்டு. இரண்டு வருடம் உழைத்து முடிக்கவேண்டிய காரியத்துக்குத்தான் அதில் இடமில்லை. அந்த இடம் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த ஜெர்மன் நோட்டில்.

145 x 210 மி.மீ., 251 பக்கம், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள், 5 மி.மீ. இடைவெளியில் மங்கலான புள்ளிகள். நூல் தையல் என்பதால் மேசையில் விரித்தால் அப்படியே படுத்துக்கொள்ளும். 0.5 ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மை காய நேரமெடுக்கும், உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். மை பேனா என்றால் மெல்லிய நிப் போதும், அப்போதும் பின்பக்கம் எழுத்தின் நிழல் தெரியும். மார்க்கர் ஊறிவிடும். இந்தக் காசுக்கு லாங் சைஸ் நோட்டு ஒரு டஜன் வாங்கலாம்.

அப்படியிருந்தும் வாங்குவதற்குக் காரணம், எல்லாப் பக்கத்திலும் அச்சாகியிருக்கும் எண்ணும், முன்னால் காலியாக விட்ட பொருளடக்கமும். வேலைகளைச் சின்னச் சின்னக் குறிகளோடு பட்டியலாக எழுதிக்கொண்டு போவதுதான் புல்லட் ஜர்னல்; வடிவமைப்பாளர் ரைடர் கரோல் 2013இல் வெளியிட்ட அந்த முறை இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, அடுத்த பட்டியலுக்குத் தள்ளினால் வலப்பக்க அம்பு, பின்னாளில் பார்க்கலாம் என்று, வரும் மாதங்களின் வேலைகளைக் குறிக்கும் வருங்காலப் பக்கத்துக்கு அனுப்பினால் இடப்பக்க அம்பு. குறிகள் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

பழகாதது, தினசரிப் பட்டியலையும் பெரிய இலக்கையும் முடிச்சுப் போடுவது. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வையுங்கள். 12ஆம் பக்கத்தை அதற்கு ஒதுக்கி, பொருளடக்கத்தில் ஏற்றுங்கள். ‘பாஸாக வேண்டும்’ என்று எழுதினால் அந்தப் பக்கம் செத்துவிடும். ஒரே அமர்வில் முடிகிற துண்டுகளாக எழுதுங்கள்: பழைய வினாத்தாள் ஒன்று, நேரம் வைத்து, தவறிய கேள்விகளுக்கு மட்டும் குறிப்பு. ஞாயிறு மாலை அதிலிருந்து இரண்டை எடுத்து, வாரத்தில் எந்த நாள் என்று முடிவு செய்து, அந்த நாளின் முதல் வரியில் ‘12’ என்ற எண்ணோடு எழுதுங்கள். முதல் வரி என்பது முக்கியம். இபி பில், கேஸ் புக்கிங், அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதற்குக் கீழே. பக்கத்தைப் புரட்டும்போது நாலைந்து நாளாக ‘12’ கண்ணில் படவில்லை என்றால், இலக்கு நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

சொதப்புவது மாத முடிவில். முடியாத வேலைகளைக் கையால் திரும்ப எழுதுவதே இந்த முறையின் உயிர்: மூன்றாம் முறை எழுதக் கை வலிக்கிறதென்றால் அதை அடித்துவிடலாம், அல்லது அது இன்னும் சிறு துண்டாக வேண்டும். பலர் யோசிக்காமல் முப்பது வரியை அப்படியே காப்பி அடிக்கிறார்கள். இன்னும் சிலர் வாஷி டேப் (வண்ணக் காகித டேப்), பிரஷ் பேனா என்று இறங்கி, பக்கத்தை அலங்கரிப்பதையே ஒரு வேலையாக்கிக்கொள்கிறார்கள்.

பக்கக் கணக்கையும் ஆரம்பத்திலேயே போடவேண்டும். வருங்காலப் பக்கங்கள் 4, மாதப் பட்டியலுக்கு மாதத்துக்கு 2 வீதம் 24. மீதி 223. நாளுக்கு முழுப் பக்கம் எடுத்தால் வருடம் தாங்காது, ஏழு மாதம் தாண்டியதும் நோட்டு தீரும். இரண்டு நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 183 போக, இலக்குகளுக்கு 40 மிஞ்சும்.

திரும்பத் திரும்ப வரும் வேலைதான் இதன் பெரிய பலவீனம். இரு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், அரையாண்டுச் சொத்து வரி, வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் முதல் நாளே வருங்காலப் பக்கத்தில் மாதவாரியாக நீங்களே இறக்கவேண்டும். மணி அடித்து நினைவூட்ட வேண்டியதைப் போனிலேயே விட்டுவிடுங்கள்.

நாளுக்கு மூன்று நான்கு வேலைதான் என்பவருக்கு இது வீண்செலவு. 200 பக்க நோட்டில் கையால் எண் போட்டால் போதும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நீண்டகாலக் காரியங்களை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் வாங்கலாம். கடைசி எட்டுத் தாள்கள் கிழிக்கத் தோதாகத் துளையிட்டவை; மளிகைப் பட்டியலை அங்கே எழுதிக் கிழித்துக்கொள்ளுங்கள், தினசரிப் பக்கத்தில் ஏற்றவேண்டாம்.