ஹைபிரிட் காரின் சின்ன பேட்டரி: நாமே மாற்றுவதா, டீலரிடம் விடுவதா?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஹைபிரிட் கார்க்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டால் வண்டி ‘ரெடி’ (ஓடத் தயார்) நிலைக்கே வராது.

செலவு
நாமே: பேட்டரி விலை மட்டும்தான், பழையதைக் கடையில் கொடுத்தால் அதிலும் கொஞ்சம் கழியும்.
டீலர்: கூலி சேரும். கோயம்புத்தூருக்கு மலையிறங்கும் செலவு தனி, அதுவும் வண்டி நின்றேவிட்டால் லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியும் வரலாம்.

சிரமம்
நாமே: பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். டிக்கியிலோ பின்சீட்டுக்கு அடியிலோ பேட்டரி இருக்கும் வண்டிகளில் அதன் ஓரத்தில் மெல்லிய குழாய் ஒன்று செருகியிருக்கும், சார்ஜ் ஆகும்போது வரக்கூடிய வாயுவை வெளியே விடுவது அதுதான், அதனால் குழாய் மாட்ட வழியில்லாத பேட்டரியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவே வாங்காதீர்கள். ஆரஞ்சு வயர்களைத் தொடவே கூடாது, அது உயிர்போகும் மின்சாரம்.
டீலர்: இந்தக் கவலை எதுவும் இல்லை.

எவ்வளவு நாள் உழைக்கும்
ஒரே வகை பேட்டரி என்றால் யார் மாட்டினாலும் ஒன்றுதான். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தாலோ, புது பேட்டரியும் அடிக்கடி இறங்கினாலோ டீலரிடமே போங்கள். வாரண்டி முடிந்து, பேட்டரிக்கும் வயதாகியிருந்தால் நாமே மாற்றுவதுதான் சரி. அப்புறம், பேட்டரி மாற்றியபின் ஜன்னல் தானாக ஏறாவிட்டால் பயப்படாதீர்கள், ரீசெட் செய்யும் முறை மேனுவலில் இருக்கும்.