தண்டையார்பேட்டையில் கிளியர் கோட்: ஏழு வருட அனுபவம்

சின்ன அளவில் பிளாஸ்டிக் கார் மாடல்கள் கட்டுவது என் பொழுதுபோக்கு. அந்த மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தெர்மாகோல் அட்டை மாட்டியிருக்கிறேன். அதில் நாற்பத்தொரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வரிசையாகக் குத்தி நிற்கின்றன. பிரியாணிப் பொட்டலத்தோடு சும்மா கொடுப்பார்களே, அதே ஸ்பூன்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணம், அதற்கு மேல் கிளியர், அதாவது பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு. காம்பில் மார்க்கரால் தேதியும் கலவை அளவும். முதல் ஸ்பூன் 2018 ஜூன். 2022 ஜூலையில் இந்த ஸ்பூன்களுக்கு நாடு முழுக்கத் தடை வந்தபோது வீட்டில் எல்லாரும் நல்லதுதான் என்றார்கள், நான் மட்டும் பரணில் இருந்த பழைய கட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தினேன்.

வருகிறவர்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கார்களைப் பார்ப்பார்கள். எனக்குக் கணக்கு இந்த அட்டையில்தான் இருக்கிறது. அடித்த அன்று எல்லா கிளியரும் பளபளப்புதான். மூன்றாம் வருடம் அது எப்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஸ்பூன்கள்தான் சாட்சி. நான் கட்டுவது பெரும்பாலும் 1/24 அளவு கார்கள். அதனால் கீழே சொல்வதெல்லாம் காருக்குத்தான். விமானம், டாங்கி கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு பளபளப்பு தேவையே இல்லை, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முதலில் வானிலை, ஏனென்றால் நம்ம ஏரியாவில் பாட்டிலைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மதியம் கடற்காற்று உள்ளே வந்தால் துணி காயும், மனசு குளிரும், கிளியர் மட்டும் கெட்டுப்போகும். லேக்கர் என்பது தின்னர் ஆவியானாலே காய்ந்துவிடும் வகை, கீழே வரும் முதல் இரண்டு கிளியரும் அதுதான். அதை இளக்கி வைத்திருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது வண்ணத்தின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளர் வெளியே வியர்க்கிற மாதிரி, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. கறுப்பு கார் என்றால் கண் முன்னாலேயே சாம்பல் பூசினாற்போல வெள்ளை பூக்கும். முதல் தடவை பார்த்தபோது கார் போச்சு என்று குப்பையில் போடப் போனேன். போடத் தேவையில்லை. காற்று காய்ந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் மேல்தோல் மறுபடி இளகி, மாட்டிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மேசையில் வைத்தது நான் செய்த உருப்படியான செலவு. 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஏர்பிரஷை (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் பேனா மாதிரியான கருவி) தொடுவதில்லை. அப்படிப் பார்த்தால் வருடத்தில் எனக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை முழுக்கவே விடுமுறை. வெயில் காலத்தில் காலை பத்தரையிலிருந்து கடற்காற்று எழும் வரைதான் நேரம். தை, மாசி பரவாயில்லை. ஆனால் தை பிறப்பதற்கு முன் போகி என்று ஒன்று இருக்கிறது. 2020 போகிக்கு முந்தின சாயங்காலம் ஒரு மஞ்சள் காருக்குக் கடைசிக் கோட் அடித்துவிட்டு ஜன்னலோரம் காயவைத்தேன். விடியற்காலையில் தெருவே டயர் புகை. எழுந்து பார்த்தால் பானெட் முழுக்க எள் தூவிய மாதிரி கரி. அதைத் தேய்த்து எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

தூசி எங்களுக்குப் பழகியதுதான். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் ராயபுரத்துக் கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் கரை தெரியும். 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அது எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. கன்டெய்னர் லாரிகள் போகவில்லை. அதனால் அடித்த உடனே காரை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் பறக்கிற தூசி பாதி அடங்கும். ஈரப்பதம் ஏறுமே என்றால், ஏறும். இரண்டில் எது குறைந்த தொல்லை என்று அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கிளியருக்கு வருவோம். நான் பயன்படுத்தியது மூன்று வகை.

ஆரம்பத்தில் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர். மலிவு, எங்கும் கிடைக்கும், வேகமாகக் காயும். அரசாங்க வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் அம்பாசிடர் பொம்மைக்கு அதை அடித்தேன், பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். இரண்டே வருடத்தில் அந்த வெள்ளை, வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி ஆகிவிட்டது. நைட்ரோசெல்லுலோஸின் குணமே அதுதான், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். ஜன்னலோர ஸ்பூன் நன்றாகவே மஞ்சள், பீரோவுக்குள் இருந்தது கொஞ்சம் மஞ்சள். கை பழக அடித்துப் பார்க்க நல்ல சரக்கு. வெள்ளைக் காருக்கு வேண்டாம்.

இரண்டாவது, இப்போதும் பத்தில் எட்டு காருக்கு நான் எடுப்பது: மிஸ்டர் கலர் ஜி.எக்ஸ்.100, மாடல்களுக்கென்றே வரும் லேக்கர் கிளியர். 18 மில்லி குட்டிப் பாட்டில், விலை கடிக்கும். அதே கம்பெனியின் லெவலிங் தின்னரோடுதான் கலக்கிறேன், ஒன்றுக்கு ஒன்று. வெயில் அதிகமானால் ஒன்றுக்கு ஒன்றரை. அந்தத் தின்னர் மெதுவாக ஆவியாவதால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சமமாக நேரம் கிடைக்கிறது, வெள்ளை பூப்பதும் குறைகிறது. ஏர்பிரஷில் 0.3 மில்லிமீட்டர் ஊசி, காற்றழுத்தம் 18 பி.எஸ்.ஐ. முதலில் இரண்டு தடவை பனி மாதிரி மேலோட்டமாக. டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியிருந்தால் இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது, ஈரமாகக் கொட்டினால் அது சுருங்கிவிடும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு ஈரக் கோட் இரண்டு. நடுவில் கம்ப்ரசரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட மறக்காதீர்கள். 2019-இல் இதை அடித்த என் ஸ்பூன் ஒன்று இன்றைக்கும் புது ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது டூ-கே, அதாவது ஹார்ட்னர் கலக்கும் கார் கிளியர். இதைக் கற்றுக்கொடுத்தவர் பழைய வண்ணாரப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெயிண்டர் அண்ணன். முதல் நாள் காரை நீட்டியதும், "இன்னா தம்பி, இத்த டச்சப்புனு பில்லு போட்றதா, இல்ல ஃபுல் பாடியா?" என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து கலந்து கொடுத்தார். இரண்டுக்கு ஒன்று, டப்பாவில் போட்டிருக்கும் அளவு எதுவோ அதுவே, கண் அளவு கிடையாது. நம்ம வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டியாகும், ஏர்பிரஷை உடனே கழுவாவிட்டால் ஊசி அப்படியே சிமெண்ட்.

டூ-கே கல் மாதிரி இறுகும், இரண்டு நாளில் பாலிஷ் போடலாம், பெட்ரோல் பட்டாலும் அசையாது. ஆனால் நான் அதை வீட்டுக்குள் அடிப்பதில்லை, அடிக்கவும் மாட்டேன். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். துணி மாஸ்க்கெல்லாம் கணக்கில் சேராது. வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

இன்னொரு குறை அழகு சம்பந்தமானது. நிஜக் காரில் கிளியர் 40, 50 மைக்ரான் கனம் இருக்கும். 1/24-இல் அது இரண்டு மைக்ரான் ஆக வேண்டும். டூ-கே-யை நாம் எவ்வளவு மெல்லிசாக அடித்தாலும் அதைவிடப் பல மடங்கு கனமாகத்தான் உட்காரும். கதவு இடுக்கெல்லாம் தூர்ந்து, ஜீராவில் ஊறிய குலாப் ஜாமூன் மாதிரி ஒரு கார் கிடைக்கும். போட்டோவில் ஜோராக இருக்கும். கையில் எடுத்தால் பொம்மை.

அடித்த பிறகுதான் நிஜமான வேலை. லேக்கரை நான் மூன்று வாரம் தொடுவதில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க பட்டறை அண்ணன் சொன்ன வழி: "மூக்க வச்சுப் பாரு. வாட வந்தா வுட்டுடு." டப்பாவைத் திறந்து காரில் மூக்கை வைத்து முகர வேண்டும். தின்னர் வாடை அடித்தால் உள்ளே இன்னும் காயவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பேச்சைக் கேட்காமல் எட்டாம் நாளே ஒரு சிவப்பு காரைத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அடியில் பிரைமரில் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நான் போட்ட கீறல்கள் எல்லாம் மேலே எட்டிப் பார்க்கின்றன. மிச்சம் இருந்த தின்னர் போகப் போக கிளியர் சுருங்கி, அடியில் இருந்த பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

தேய்ப்பதற்கு முதலில் 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும் மேடுகள் முதலில் மங்கலாகும், பள்ளங்கள் மினுமினுப்பான புள்ளிகளாக நிற்கும். அந்தப் புள்ளிகள் மறைந்ததும் நிறுத்த வேண்டும், ஒரு தேய்ப்புகூடக் கூடாது. அப்புறம் மைக்ரோமெஷ் என்ற மெல்லிய தேய்ப்புத் துணி, 6000, 8000, 12000. இதில் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மைக்ரோமெஷ் 1500 நம்ம கடை 1500 வாட்டர் பேப்பரைவிட நிறையவே சொரசொரப்பு, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கடைசியாகத் தமியா கம்பெனியின் பாலிஷ் காம்பவுண்ட்: சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி, அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. ஒரே துணியை வைத்து மூன்றையும் முடிக்கப் பார்த்தால் சிவப்பு மூடியின் துகள் கடைசி வரை கூடவே வரும்.

ஓரங்களில் கை வைக்கவே கூடாது. பானெட் விளிம்பு, வீல் வளைவு, கூரையின் மடிப்பு, இங்கெல்லாம் கிளியர் தானாகவே மெல்லிசாகத்தான் நிற்கும். நான்கு தேய்ப்பில் கீழே பிரைமர் தெரியும். அந்த இடங்களில் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பேன், கடைசிக் காம்பவுண்டுக்கு மட்டும் டேப்பை எடுப்பேன்.

2022 மே மாதம் ராயபுரத்திலிருந்து இங்கே வீடு மாறினோம். எல்லாக் கார்களையும் அக்கறையாகக் குமிழ்க் கவரில் சுற்றி, டாடா ஏஸில் ஏற்றி, இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தால் லேக்கர் அடித்த நான்கு கார்களின் கூரையிலும் வட்ட வட்டமாகக் குமிழ்த் தடம். அக்னி நட்சத்திர வெயிலில் இளகிய லேக்கர் கவரை அப்படியே அச்செடுத்துவிட்டது. டூ-கே அடித்த இரண்டில் ஒரு தடமும் இல்லை. கனத்தைப் பற்றி நான் குறை சொன்ன கார்கள் அவை. மற்ற நான்கையும் மறுபடி 3000-இலிருந்து தேய்த்து மீட்டேன், ஒன்றில் கிளியர் தீர்ந்து வண்ணம் வந்துவிட்டது. இப்போது பருத்தித் துணியில் சுற்றுகிறேன், காரின்மேல் எதுவும் அழுந்தாமல்.

அந்த வண்ணம் தெரிந்த இடத்தை டச்சப் செய்யப் போனதில் இன்னொரு பாடம். பழைய கீறல் மறைய அதில் எப்போதோ சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் போட்டிருந்தேன். கிளியர் ஒட்டாமல் சின்னச் சின்ன வட்டமாக விலகி நின்றது. பெயிண்டர்கள் மீன்கண் என்பார்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன்கண்ணுக்கு அழுதது நான்தான். மெழுகு போட்டே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் இல்லாததாகப் பாருங்கள்.

தினசரிப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே தூசியில் உப்பும் பிசுக்கும் சேர்ந்திருக்கும், காய்ந்த துணியால் துடைத்தால் அது மெல்லிய உப்புத்தாள் போடுவதற்குச் சமம். ஊதுகிற ரப்பர் பல்பு, பிறகு மனைவியின் மேக்கப் பிரஷ். கேட்டு வாங்கியதுதான், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பழைய மஞ்சள் அம்பாசிடரை உரித்து, திரும்ப வெள்ளையடித்து, ஜி.எக்ஸ்.100 போட்டு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். பதினெட்டு நாள் ஆகிறது. நேற்று மூடியைத் திறந்து முகர்ந்தேன், பக்கத்தில் நின்ற மகளும் முகர்ந்தாள். "இன்னும் வருதுப்பா" என்றாள். மூடிவிட்டேன்.