ஆட்டோவுக்கு ட்ரொலி ஜக்: வாங்கலாம், பலகையோடு

காத்தான்குடியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 2 தொன் ட்ரொலி ஜக் (சில்லு வைத்த, வண்டிக்கு அடியில் உருட்டிவிட்டுத் தூக்கும் ஜக்) ஒன்றும், தூக்கின வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்ட் இரண்டும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற '2 தொன்'னைப் பார்த்து மயங்க வேண்டாம். நம்முடைய பஜாஜ் ஆட்டோ வெறும் வண்டியாக 350 கிலோ அளவில்தான் இருக்கும், எந்த ஜக்கும் தூக்கிவிடும். தூக்கின பிறகு வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைக்கார நானா முதலில் போத்தல் மாதிரி நிமிர்ந்து நிற்கிற போத்தல் ஜக்கைத்தான் எடுத்து வைத்தார். "தம்பி, ஆட்டோவுக்கு இது காணும்" என்றார். காணாது. அதன் அடி சின்னது. கல்லடி மணலில் வைத்துப் பம்ப் பண்ணினால் வண்டி மேலே வராது, ஜக்தான் கீழே போகும். காற்றுப் போன ரயரோடு வண்டி இறங்கி நிற்கும்போது உள்ளே நுழைக்கவும் இடம் இராது. ட்ரொலி ஜக் தாழ்வாக இருப்பதால் சுகமாகப் போகிறது.

ஆனால் அதன் குட்டிச் சில்லுகள் மணலில் உருளவே உருளாது. அது சின்ன விஷயம் இல்லை. ஜக்கின் கை வளைந்துதான் மேலே எழும்பும், அதற்கேற்ப ஜக் முன்னே பின்னே உருண்டு கொடுக்க வேண்டும். உருளாவிட்டால் வண்டியைத் தாங்கும் ஜக்கின் தலை வழுக்கி வண்டி இறங்கிவிடும். நான் அகலமான தடித்த பலகை போட்டு அதன் மேல் வைக்கிறேன். மார்கழி மழையில் முற்றம் ஊறிக் கிடக்கும் நாட்களில் பலகையும் சரிவராது, சீமெந்துத் தரைக்குப் போய்விட வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த கையேட்டில் எல்லாம் கார்ப் படங்கள். அதில் ஒரு படம், பின்பக்கம் நடுவில் ஜக்கைக் கொடுத்துத் தூக்குவது. காருக்குச் சரி, முன்னால் இரண்டு சில்லு தாங்கும். ஆட்டோவில் அப்படிச் செய்தால் முன்னால் ஒரு சில்லு, பின்னால் ஒரு ஜக், இரண்டும் ஒரே கோட்டில். லேசாகத் தட்டினாலும் பக்கவாட்டில் கவிழும். அதனால் பின்னால் ஒரு பக்கத்தைத் தூக்கி, செஸியின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) கீழே ஸ்டாண்ட் வைத்து, அப்புறம் மற்றப் பக்கம். முன்சில்லைத் தூக்குவது சுலபம். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பக்கம் பாரமில்லை, பின்சில்லு இரண்டும் அகலமாக நின்று பிடிக்கும்.

பின்பக்கம் தூக்கும்போது முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் அடை கொடுங்கள். ஹான்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லை, அது அந்தரத்தில் நிற்கும்போது என்னத்தைப் பிடிக்கும்? எஞ்சினுக்கு அடியில் ஜக் வைக்கவே கூடாது, அதன் அலுமினிய உடம்பில் வெடிப்பு விழுந்துவிடும். ரயர் மாற்றுவதென்றால் சில்லைத் தாங்கும் ஆர்முக்குக் கீழே கொடுக்கலாம். ஷொக் அப்சோபர் கழற்றுவதென்றால் செஸியே ஸ்டாண்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் உடம்பு அப்படியே இறங்கும்.

குறைகள்: ஜக்கின் தலை வெறும் இரும்பு, ரப்பர் இல்லை. பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். இறக்கும்போது கைப்பிடியைக் கொஞ்சம் கூடத் திருப்பினாலும் 'தொப்' என்று விழுகிறது, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பழக வேண்டும். கடல் காற்றுக்குக் கைப்பிடி ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஒயில் கசிவு இல்லை. ஸ்டாண்டுகள் நல்ல தடிப்பு, பூட்டு இறுக்கமாக விழுகிறது.

முந்தி நாலு பேரைக் கூப்பிட்டு ஆட்டோவைச் சரித்துப் போட்டுத்தான் அடிவேலை பார்ப்பேன். பற்றரி அசிட்டும் பெற்றோலும் சிந்தி முற்றமெல்லாம் நாறும், பெத்தா திட்டிக்கொண்டே மண் அள்ளிப் போடுவா. அதற்காகவே இந்தக் காசு கொடுக்கலாம். ஸ்டாண்ட் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டுகிற ஆள் நான் இல்லை.