ஒரே திருச்சபையா, ஒன்றுகூடிய ஜெபமா?

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ ஒற்றுமைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திருச்சபைகளே இணைவது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வளர்த்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. வட்டுக்கோட்டை ஆலயம் அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமானது. இந்தியாவில் அங்கிலிக்கன், மெதடிஸ்த மரபினரும் அதே திருவிருந்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையில், ஒன்றானார்கள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் யாழ்ப்பாணத்தின் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் அந்த இணைப்புக்கு வெளியே தனித்தே இருக்கின்றன.

மற்றது, அவரவர் சபையில் இருந்தபடியே சேர்ந்து ஜெபிப்பது. ஜனவரி 18 முதல் 25 வரையான கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம் இதற்கானது. இங்கே கத்தோலிக்கரும் தயக்கமின்றிப் பங்கெடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் அவர்களை விட்டுவிட்டு ஒற்றுமை பேச முடியுமா? நற்கருணை மட்டும் இன்னும் தனித்தனிதான். அந்த வலி உண்மையானது.

ஆராதனை கடவுளுக்கு உரியது. அதே வேளையில், கூடிவருகிறவர்கள் ஒருவரையொருவர் கட்டியெழுப்ப வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். இவ்விரண்டு நோக்கங்களையும் வைத்துப் பார்த்தால், இன்றைய யாழ்ப்பாணத்துக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பேன். ஆனால் அந்த எட்டு நாட்களோடு நின்றுவிடக் கூடாது: மாதம் ஒருமுறையாவது பக்கத்துச் சபையாருடன் சேர்ந்து வேதம் வாசிக்கலாம், நோயாளிகளைச் சந்திக்கலாம்.