லாக்-இன் முடியறதுக்குள்ள வீடு காலி பண்ணா எந்த வழில எவ்வளவு போகும்?

வேளச்சேரில டூ பெட்ரூம் ஃபிளாட், வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,500, அட்வான்ஸ் அஞ்சு மாசம் அதாவது 1,10,000. ஜனவரில 11 மாச அக்ரிமென்ட் போட்டு பால் காய்ச்சினோம், லாக்-இனும், அதாவது மிச்ச மாச வாடகைய கட்டாம நடுவுல காலி பண்ண முடியாத காலமும், அதே 11 மாசம்னு உள்ள ஒரு வரி இருந்துச்சு, அத படிச்சும் படிக்காத மாதிரி கையெழுத்து போட்டேன். ஜூன் ஆரம்பத்துல ஹைதராபாத்துக்கு டிரான்ஸ்ஃபர், மாசக் கடைசில கிளம்பணும், மிச்சம் அஞ்சு மாசம் அப்படியே நிக்குது. பெயிண்டிங்னு ஒரு மாச வாடகை எப்படி போனாலும் புடிப்பாங்க, அதனால கீழ எதுலயும் அத சேக்கல.

எல்லாரும் சொல்றது "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னுட்டு சாவிய குடுத்துட்டு போயிடுன்னு. கையில இருந்து எதுவும் போகாததால செலவே இல்லாத மாதிரி தோணும், ஆனா 22,000 வீதம் அஞ்சு மாசம்னா சரியா 1,10,000, மொத்த அட்வான்ஸும் முடிஞ்சுது. அடுத்த மாசமே ஓனர் வேற ஆளுக்கு விட்டாலும் நமக்கு நயா பைசா திரும்பாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவப் பாத்தா அக்ரிமென்ட்ல எழுதின அபராதத் தொகை உச்சவரம்புதான், அதுக்குள்ள நியாயமான நஷ்டஈடுதான் ஓனருக்கு கிடைக்கும். சரிதான், ஆனா ஒரு லட்சத்துக்காக ஹைதராபாத்ல இருந்து கோர்ட்டுக்கு யாரு அலையறது?

வீட்ட பூட்டிவச்சு நவம்பர் வரைக்கும் கட்டறது இன்னொண்ணு. மெயின்டனன்ஸும் சேத்து 1,22,500. மூணு மாசத்துல திரும்பி வர்ற வேலைன்னா இது சரி, சாமானும் அங்கயே கிடக்கும். எனக்கு இல்ல.

நிஜமான போட்டி மத்த ரெண்டுக்கும் நடுவுலதான். நாமளே மாத்து ஆள் புடிச்சு குடுக்கறது ஒண்ணு, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 22,000, அதோட வீடு காலியா கிடக்கற நாளுக்கு வாடகையும் மெயின்டனன்ஸும். இங்கதான் ஆடி வந்து குறுக்க நிக்குது. ஜூலை நடுவுல ஆடி பொறந்துட்டா நம்ம ஊர்ல யாரும் குடி மாற மாட்டாங்க, ஆவணி வரணும். ஆடிக்கு முன்னாடி ஆள் வந்துட்டா அரை மாசம்தான் காலி, மொத்தம் 34,250. அத தவறவிட்டா ஒன்றரை மாசம், 58,750. மே மாசமே டிரான்ஸ்ஃபர் தெரிஞ்சிருந்தா ஸ்கூல் சீசன்ல ஈஸியா ஆள் கிடைச்சிருக்கும்.

இன்னொண்ணு, காலி பண்றேன்னு முன்கூட்டியே சொல்ல வேண்டிய நோட்டீஸ் காலத்துக்கான ரெண்டு மாச வாடகை 44,000த்த குடுத்து அன்னிக்கே கணக்க முடிச்சுக்கறது. பாருங்க, 34க்கும் 58க்கும் நடுவுல உக்காந்திருக்கு. ஆடிக்குள்ள ஆள் நிச்சயம்னா மாத்து ஆள், கொஞ்சம் சந்தேகம்னாலும் 44,000தான் என் ஓட்டு. ஓனருக்கும் நஷ்டமில்ல, ஆவணில ஆள் வந்தாலே அவருக்கு போறது ஒன்றரை மாச வாடகை 33,000.

ஆனா பேசறதுக்கு முன்னாடி நோட்டீஸ் லாக்-இனுக்குள்ளயே ஓடுமா, இல்ல லாக்-இன் முடிஞ்சாதான் நோட்டீஸே குடுக்கலாமான்னு அக்ரிமென்ட்ல பாத்துடுங்க, ரெண்டாவதா இருந்தா 11 மாசம்ங்கிறது 13 ஆயிடும். அப்புறம் 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ திருப்பணும்னு இருக்கு, நான் அந்த ஒரு மாசமும் வேணாம் சாவி குடுக்கற அன்னிக்கே மிச்சம் வரணும்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கிட்டேன், ஊர விட்டு போனப்புறம் யாரு ஃபோன் எடுப்பா.

கடைசில 44,000த்துக்கு முடிஞ்சுது, பெயிண்டிங்குக்கு 22,000 புடிச்சுக்கிட்டு மீதி 44,000 கைக்கு வந்துச்சு. ஆவணி பொறந்த வாரமே புதுசா ஒரு ஃபேமிலி வந்துட்டாங்கன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. பெயிண்ட் அடிச்சாங்களாண்ணேன்னு கேட்டேன், எங்க தம்பி, உங்க பாப்பா கிறுக்குனது அப்படியே இருக்குன்னாரு.