படிக்கும்போதே வட்டி கட்டுவதா, வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்வதா?

எங்கள் வீட்டில் இரண்டு கல்விக் கடன்கள். இரண்டும் பொதுத்துறை வங்கியில், இரண்டும் 4 லட்சம், நான்காண்டுப் படிப்பு. நான் படித்தபோது ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. தங்கைக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டியை மட்டும் கட்டி வருகிறோம். அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையில் கொஞ்சம் புரண்டால் தங்கையின் வழிதான் நல்லது.

காத்திருப்பதில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வங்கி தவணை கேட்காது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் வராத மாதங்களில் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் கேட்காத வட்டி சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு முறை பணம் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். அதுவரை தனி வட்டியாக நின்ற இந்தத் தொகை, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துவிடும். 4 லட்சம் வாங்கியவன் 5,40,000-க்குக் கடனாளி. பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் 5,286 கட்ட வேண்டிய இடத்தில் 7,136. 1,850 ரூபாய் வித்தியாசம் 120 மாதத்துக்கு ஓடினால் 2,22,000. என் முதல் தவணை மாதத்தில் அப்பா கணக்கு விவரத்தின் அந்த ஒரு வரியில் விரலை வைத்து, “நாலுதானேப்பா வாங்கினோம்?” என்று கேட்டார். தங்கை விஷயத்தில் எங்களை மாற்றியது அந்தக் கேள்விதான்.

அவளுக்கு முதல் ஆண்டு மாதம் 833 ரூபாய்தான் வந்தது. இரண்டாம் ஆண்டு 1,667, இப்போது 2,500. பட்டறைக் கூலிக் கணக்கு முடிக்கும் சனிக்கிழமையிலேயே அம்மா தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். இப்படித் தவறாமல் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கின்றன. இடையில் ஒரு மாதம் விட்டால் அந்தச் சலுகைதான் போகும். தவணை தவறியதாகப் பதிவாகாது. அதற்காக நகையை அடகு வைத்து இந்த வட்டியைக் கட்டாதீர்கள், அது கடனுக்குக் கடன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதே பணத்தை அஞ்சலகத்தில் ஐந்தாண்டு ஆர்டியில் (மாதாமாதம் போடும் சேமிப்பு) போட்டு, தவணை தொடங்கும் முன் சேர்ந்த வட்டி முழுவதையும் ஒரே அடியாகக் கட்டிவிடலாம். படிப்புக் காலத்தில் தனி வட்டிதான் என்பதால் ஆர்டி வட்டி நமக்கு மிச்சம். சலுகை தராத வங்கி என்றால் கணக்குப்படி இதுவே மேல். நாங்கள் செய்து பார்த்ததில்லை. வெள்ளி விலை ஏறினால் பட்டறைக்கு முதலில் கை போகும் இடம் ஆர்டிதான் என்று எங்களுக்குத் தெரியும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்துவிட்டால் இந்த யோசனையே வேண்டாம், தவணை தொடங்கும் வரையான வட்டியை அரசே கட்டிவிடும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான சலுகை, வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து 8 ஆண்டுக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். அந்த முறையில் நிறைய வரி கட்டுகிற வீடு என்றால் காத்திருப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு.

தங்கையின் தவணை இன்னும் தொடங்கவில்லை, அதனால் முழுக்கதை எங்களுக்கே இனிமேல்தான். முதல் முறை கட்டப் போகும்போது வட்டிச் சலுகை அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் கடிதத்தில் அது இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.